திங்கட்கிழமை வந்தவள்

குண்டூசிக்கு மடிப்புக்காரி தர வேண்டியது நாலாயிரத்து அறுநூற்று நாற்பது. டிரைவிங் டெஸ்டுக்கான கட்டணமும், அன்றைக்கு லைசென்ஸ் அலுவலகமே தரும் வேனுக்கு வாடகையும் சேர்ந்து அவ்வளவு. எங்கள் கூலியில் சரியாக எட்டு நாள். குண்டூசி அந்தப் பணத்தைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்து, இடைவேளையில் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"எண்ணிப் பாத்துக்கோ. குழம்பு வாசனை அடிக்குதுன்னு திருப்பிக் கொடுத்துடாதே."

"எப்பக்கா தரணும்?"

"வேன் உன் கைக்கு வந்ததும் கொடு. புது வீட்டு அட்வான்சுக்குச் சேத்தது. வீடு கிடைக்கிற வரைக்கும் அது டப்பாவுல சும்மாதானே கெடக்கு."

நாங்கள் வேலை செய்தது ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடம். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, போர்வை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாம் அங்கேதான் வரும். நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். அழுக்குப் பக்கத்தில் மூட்டை பிரிக்கிற எங்களுக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே ஒரு வாரத்தில் மறந்துவிடும். சுத்தப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் இரண்டு நுனியையும் பிடித்து அதற்குள் ஊட்ட வேண்டும். அதைச் செய்தவள் குண்டூசி. ஆளும் அப்படித்தான் இருப்பாள். விரிப்பில் ஒட்டிக்கொண்டு வரும் ஊசியை உருளைக்குள் போகுமுன் கண்டுபிடிப்பதிலும் கெட்டிக்காரி. மறுபக்கம் சுடச்சுட வெளியே வருவதை வாங்கி நாலாய், எட்டாய் மடித்து அடுக்குபவள் மடிப்புக்காரி. பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே துணியின் இரண்டு முனையில் நின்றவர்கள். உருளையின் சத்தத்தில் ஒருத்தி பேசுவது மற்றவளுக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டையும் போடுவார்கள்.

கூடத்தின் துணி வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர் அந்த மாதக் கடைசியோடு நிற்கப் போகிறார். இடுப்பு விட்டுப்போயிற்று. மடிப்புக்காரி அடுக்கினால் வேனில் இரண்டு மூட்டை கூடுதலாக ஏறும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஷிஃப்ட் முடிந்ததும் முற்றத்தில் அவளுக்கு வேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நாலு மாதம். முதலாளியும் ஒத்துக்கொண்டார்: மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டினால் வேன் அவளுக்கு. வேன் என்றால் ஒன்றரை மடங்குக் கூலி. சூடு கிடையாது. உட்கார்ந்து செய்யும் வேலை. 'உட்கார்ந்து' என்று சொல்லும்போது அவள் குரலே மாறும்.

டெஸ்ட் வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அவள் விழுந்தாள்.

மூன்று வாரமாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவள் வீடு மாடியில். வெளியே இரும்புப் படிக்கட்டு. புருஷன் பெயின்டர். சுவர் காயாத காலத்தில் யார் பெயின்ட் அடிப்பார்கள்? பிரஷ்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். அன்றைக்கு அவள் ஐந்தரை மணிக்குக் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். மூன்றாவது படியில் கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தாள். கையை ஊன்றியபோது உள்ளே சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னாள்.

மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் என்றார்கள். அந்த வலியிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரித்திருந்த விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். எங்கள் கூடத்து முத்திரை இருந்ததாம். "மடிப்புதான் என்னுது இல்ல," என்றாள்.

கூடத்தின் வாசலில் கார்டு குத்துகிற மிஷின் ஒன்று இருந்தது. உள்ளே வரும்போது ஒரு குத்து, வெளியே போகும்போது ஒரு குத்து. ஐந்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் கூலி போய்விடும். அதனால் முன்னால் வருபவள், பஸ் கிடைக்காமல் பின்னால் வருபவளின் கார்டையும் சேர்த்துக் குத்திவிடுவாள். யாரும் கேட்டுச் செய்வதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. மாட்டினால் இரண்டு பேருக்கும் சீட்டு கிழியும், வேலை போய்விடும். அன்றைக்கு மழையைப் பார்த்துவிட்டு குண்டூசி தன் கார்டோடு மடிப்புக்காரியின் கார்டையும் குத்தினாள். அவள் விழுந்த சேதி வரும்போது மணி ஒன்பது. பாய்லர் மக்கர் பண்ணியதால் சூப்பர்வைசர் அதன் அடியிலேயே கிடந்தார். குத்தினது குத்தியாயிற்று என்று, இரண்டு மணிக்கு வெளியே போகும்போதும் குண்டூசி இரண்டு கார்டு குத்தினாள்.

சாயங்காலம் நாலு பன் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள்.

"இன்னைக்குக் கூலி உனக்கு விழுந்துடும். குத்திட்டேன். நீ வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் விழுந்தேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன்."

"உனக்கு எதுக்குக்கா இந்த வேலை?"

"கையையும் ஒடிச்சுக்கிட்டு, கூலியையும் விடணுமா? பேசாம பன்னைத் தின்னு."

"அக்கா, மழை நிக்கிற வரைக்கும் எனக்கும் ஒரு கார்டு குத்தி வைங்களேன்," என்றான் பெயின்டர்.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் குத்தணும்னா மேகத்துலதான் மிஷின் வெக்கணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். போகும்போதுதான் குண்டூசி வாசலில் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வீடு ஒண்ணு அமைஞ்சிருக்குடி. தையல்கடைக்காரரோட வீடு. அடுத்த சனிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் முழுசா வெக்கணும். இப்ப இருக்கிற வீட்டுக்காரன் பூட்டு மாத்திடுவேன்னு நிக்கிறான். அந்த டெஸ்ட் பணத்தத் திருப்பித் தருவாங்களா, கேட்டுப் பாரு."

புதன்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, வெள்ளைக் கட்டைப் பார்த்துவிட்டு டெஸ்டை ரத்து செய்தார். பணத்தைப் பற்றிக் கேட்டதும் ஒரு படிவத்தை நீட்டினார்.

"ஒரு வாரம் முன்னாடியே ரத்து பண்ணியிருந்தா கேள்வியே இல்லாம திரும்பி வந்திருக்கும்."

"ஒரு வாரம் முன்னாடி கை நல்லா இருந்துச்சே சார்."

"அதனாலதான் இந்தப் படிவம். அடிபட்டவங்களுக்குத் தனி வழி இருக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும். வேலைக்குப் போறவங்கன்னா, அடிபட்ட நாள்லேர்ந்து வேலைக்கு வரலைன்னு வேலை செய்ற இடத்துல ஒரு கடிதம் வேணும். வருகைக் கணக்கோட. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, அதான் கடைசி."

வெளியே வந்ததும் பெயின்டர் படிவத்தை மழை படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டான். பணம் திரும்பி வரும் என்று ஒரு அலுவலகத்தில் சொல்லக் கேட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை. டீக்கடையில் இரண்டு டீ சொன்னான். அவள் இடது கையால் கிளாசைப் பிடித்துக் குடித்தாள்.

சூப்பர்வைசர் கடிதத்தை வெள்ளிக்கிழமை கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். ஒட்டின கவரைப் பிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே திங்கட்கிழமை குமாஸ்தாவிடம் நீட்டினார்கள். அவர் பிரித்துப் படித்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார். திரும்பக் கடிதத்தைப் படித்தார்.

"அம்மா, நீங்க என்னைக்கு விழுந்தீங்க?"

"போன திங்கக்கிழமை சார். காலையில."

"சீட்டுலயும் அப்படித்தான் இருக்கு. காலை ஆறு அம்பது. ஆனா உங்க கம்பெனி, அன்னைக்கு நீங்க ஆறு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் வேலை செஞ்சிருக்கீங்கன்னு சொல்லுது. மிஷின்ல வந்த கணக்கு. பாருங்க."

அவளுக்கு அந்த எண்களைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 

"ஒரே நேரத்துல மாவுக்கட்டும் போட்டுக்கிட்டு, துணியும் மடிச்சீங்களா?"

பெயின்டர் குறுக்கே வந்தான். "சார், கட்டு கண்ணுக்கு முன்னாடி இருக்கு. பொய்யா?"

"எனக்குத் தெரியுதுப்பா. மேல போற காகிதத்துக்குத் தெரியணுமே. ரெண்டுல ஒண்ணு தப்பு. கம்பெனியில தப்புன்னா திருத்தி, கையெழுத்து போட்டு வாங்கிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. நான் எடுத்து வெக்கிறேன்." அவர் நல்ல மனுஷன்தான். இரண்டு காகிதத்தையும் குண்டூசியால் சேர்த்துக் குத்தித் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மத்தியானமே பெயின்டர் ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டில் நேரத்தைச் சாயங்காலமாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டான். நேரம் கம்ப்யூட்டரில் தானாக விழுகிறது, நாங்கள் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நனைந்து வீடு வந்தான். அவள் ஒரு கையால் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஓடு பாதி சட்டியில் விழுந்திருந்தது.

"நாளைக்குப் போய் உள்ளதச் சொல்லு," என்றான்.

"என்னன்னு?"

"நான் வரல, என் கார்டை வேற ஆள் குத்திட்டாங்கன்னு."

"யாருன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். நீயா குத்தச் சொன்னே?"

"நான் சொல்லல. ஆனா பன்னைத் தின்னேன்ல?"

"பன்னாம் பன்னு. நாலு வாரமா நான் ஒத்தப் பைசா கொண்டு வரல. இன்னும் அஞ்சு வாரத்துக்கு நீ கொண்டு வரப் போறதில்ல. வேனும் போச்சு. சனிக்கிழமை அந்தம்மா வந்து நின்னா எங்கேர்ந்து எடுத்துக் கொடுப்போம்?"

"அவங்க பணத்தத் திருப்பிக் கொடுக்க அவங்க வேலையவே புடுங்கணுமா? அதுக்கப்புறம் அந்தப் பணத்த வாங்கி என்ன பண்ணுவாங்க? எத்தன மாசம் வாடகை கட்டுவாங்க?"

"பேர் சொல்லாம சொல்லு."

"உருளைக்கு அந்தப் பக்கம் நிக்கிறது ஒரே ஆளுதான். இதக் கண்டுபிடிக்கப் போலீஸ் வேணுமா?"

அவன் முட்டையில் விழுந்த ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கினான். செவ்வாய்க்கிழமை முழுக்க இரண்டு பேரும் அதையே பேசினார்கள். பேசாதபோது அதையே நினைத்தார்கள். குண்டூசி மாலையில் கீழே தெருவில் நின்று, "என்னடி ஆச்சு? மாப்பிள்ளை, என்ன சொல்றான் குமாஸ்தா?" என்று கத்தினாள். "பாத்துக்கிட்டு இருக்காங்கக்கா," என்று மடிப்புக்காரி மேலேயிருந்து சொன்னாள். "கொஞ்சம் சீக்கிரம் பாக்கச் சொல்லு. கண்ணாடி வேணும்னா என்னோடத தரேன்."

புதன்கிழமை காலை, புருஷனின் பேச்சுத் தாங்காமல் அவள் கூடத்துக்குப் போனாள். அவன் கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றான். சூப்பர்வைசரின் அறை சுத்தப் பக்கத்தில், மேலே, கண்ணாடி போட்ட அறை. அங்கிருந்து பார்த்தால் உருளை தெரியும். அவளுடைய இடத்தில் புதிதாக ஒரு பெண் நின்று கோணல்மாணலாக மடித்துக்கொண்டிருந்தாள். குண்டூசி நிமிர்ந்து மேலே பார்த்தாள். இரண்டு கையிலும் ஈர விரிப்பு. அதனால் முகத்தை மட்டும் அசைத்து, 'கை எப்படி இருக்கு?' என்று உதட்டால் கேட்டாள்.

"என்ன வேணும்?" என்றார் சூப்பர்வைசர்.

"அந்தக் கடிதம் சார். அதுல திங்கக்கிழமை..."

"திங்கக்கிழமைக்கு என்ன?"

"லைசென்ஸ் ஆபீசுல கேக்கறாங்க."

அவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு நீ வெளிய போனதா மிஷின் சொல்லுது. அன்னைக்கு நான் பாய்லர்ல இருந்தேன். உன்னப் பாக்கல. இப்ப நீயே சொல்லு. திங்கக்கிழமை நீ வந்தியா, வரலையா?"

கீழே குண்டூசி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பின் நுனி உருளைக்கு அருகே போய்விட்டது. அவள் பார்க்காமலேயே விரலை எடுத்துக்கொண்டாள்.

"வந்தேன் சார்."

"முழு ஷிஃப்டா?"

"முழு ஷிஃப்ட்."

"அப்ப கடிதத்துல என்ன தப்பு?"

"ஒண்ணுமில்ல சார். கூலி எப்பப் போடுவீங்கன்னு கேக்க வந்தேன்."

"வழக்கம்போலத்தான். போ. கையப் பாத்துக்கோ."

படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கேட்டுக்கு வெளியே புருஷன் அவள் முகத்தைப் பார்த்தான்.  சட்டைக்குள்ளிருந்து படிவத்தை எடுத்து, நாலாக மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தான். பஸ் வரும்வரை இரண்டு பேரும் குடைக்கு அடியில் தனித்தனியாக நின்றார்கள்.

சாயங்காலம் குண்டூசி மாடிக்கே ஏறி வந்துவிட்டாள். பணம் வராது என்று மடிப்புக்காரி சொன்னதும் உட்காரக்கூட இல்லை.

"வராதுன்னா? போன வாரம் வரும்னு சொன்னான், இந்த வாரம் வராதுங்கறானா? ஏண்டி, ஒரு கடிதம் ஒழுங்கா வாங்கத் தெரியாதா உனக்கு? வேன் ஓட்டப் போனவளுக்கு ஒரு காகிதத்த ஓட்டத் தெரியல! சனிக்கிழமை நான் என்ன பண்றது? சட்டி பானையத் தூக்கிக்கிட்டு உருளை மேல படுக்கவா?"

"அக்கா, நான் எப்படியாவது..."

"எப்படி? ஒத்தக் கையில பிச்சை எடுப்பியா?"

பெயின்டர் எழுந்தான். "போதும்! நீங்க குத்தின கார்டாலதான் பணம் போச்சு. அன்னைக்கு அவ வேலைக்கு வந்தான்னு உங்க மிஷின் சொல்லுது. வரலைன்னு இவ சொன்னா உங்க சீட்டு கிழியும். நான் சொல்லச் சொன்னேன். காலையில சூப்பர்வைசர் நேராவே கேட்டார். இவ வந்தேன்னு சொல்லிட்டு வந்திருக்கா."

குண்டூசி அப்போதுதான் உட்கார்ந்தாள். தரையில், கதவுக்குப் பக்கத்தில். மழை தகரத்தில் அடிக்கிற சத்தம் உருளைச் சத்தம் மாதிரி இருந்தது.

"அதுக்குத்தான் மேல போனியா?"

மடிப்புக்காரி தலையை அசைத்தாள்.

"எங்கிட்ட ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ நேரா மேல போய் ஒத்துக்குவே. உன் வாய் சும்மா இருக்காது."

"ஒத்துக்க மாட்டேன்," என்றாள் குண்டூசி. மறுபடியும் சொன்னாள். "சத்தியமா ஒத்துக்க மாட்டேன்டி. நான் அவ்வளவு நல்லவ இல்ல. எனக்கு அம்பத்திரண்டு வயசு. வேற யாரு வேலை தருவா?"

 பிறகு அவள் பெயின்டர் பக்கம் திரும்பினாள். மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

"பெயின்டரே, அந்தத் தையல்கடைக்காரர் வீட்டுச் சுவரெல்லாம் உதிருது. உள்ள அடிச்சுத் தர முடியாது, இஷ்டம்னா வாங்கங்கறார். நீங்க அடிச்சீங்கன்னா கூலிய அட்வான்சுல கழிச்சுப்பாரான்னு கேக்கலாமா?"

"மழைக் காலம். ஈரச் சுவர். நிக்காது."

"நிக்க வைங்க. அதானே உங்க தொழில்."

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். இரண்டு அறை, ஒரு சமையல் மூலை. சுவரில் ஈரம் இடுப்பளவு ஏறியிருந்தது. பெயின்டர் நகத்தால் சுரண்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். தையல்கடைக்காரர் கழுத்தில் அளவு டேப்போடு பின்னாலேயே வந்தார். பெயின்ட் தன்னுடையது, கூலிக்கு மூவாயிரம் கழித்துக்கொள்கிறேன் என்றார்.

"நாலாயிரத்து அறுநூத்தி நாப்பது," என்றான் பெயின்டர்.

"மூவாயிரத்து ஐந்நூறு. வாசல் கேட்டையும் சேத்து அடிக்கணும்."

"கேட்டும் அடிக்கிறேன். சமையல் மேல்கூரையில இருக்கிற கரியும் எடுக்கிறேன். நாலாயிரத்து அறுநூத்தி நாப்பது."

"அது என்னய்யா நாப்பது?"

"அது அப்படித்தான் சார். ஒரு பைசா கூட வேணாம், கம்மியும் வேணாம்."

தையல்கடைக்காரர் கரி பிடித்த கூரையை ரொம்ப நேரம் பார்த்தார். தானே ஏணி ஏற வேண்டியிருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். சரி என்றார். வேலை முடிந்த பிறகுதான் ரசீது. சாமான்களை மட்டும் சனிக்கிழமை பின் அறையில் இறக்கிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. படிவத்தை யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை. அன்றைக்குப் பெயின்டர் முதல் சுவரைச் செங்கல் தெரியும்வரை சுரண்டிக்கொண்டிருந்தான். இரும்புச் சட்டியில் கரி மூட்டி, அறைக்கு நடுவில் வைத்து, சுவரைக் காய வைத்தான். காய்ந்த இடத்தில் பூசினான். பூசின இடம் காயும்வரை அடுத்த அறையில் சுரண்டினான். இரவில் மழை பெய்தால் காலையில் ஓடிவந்து கையை வைத்துப் பார்ப்பான். ஒரு தடவை முழுச் சுவரும் ஊறிப்போய் எல்லாவற்றையும் மறுபடி சுரண்டினான். மடிப்புக்காரி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, இடது கையால் தாழ்வான இடங்களில் உப்புத்தாள் தேய்த்தாள். ரொம்ப நேரம் செய்தால் தோள் ஒத்துழைக்காது என்று தெரியும், ஆனாலும் தேய்த்தாள். குண்டூசி இரண்டு மணிக்குக் கூடத்திலிருந்து நேரே வந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்த சுண்ணாம்பை வாருவாள். வேன் வேலைக்குப் புதிதாக ஒரு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று அவள்தான் ஒருநாள் வந்து சொன்னாள். மடிப்புக்காரி "ம்" என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அத்தனை நாளும் குண்டூசி அவனோடு பேசியது ஏணியை நகர்த்து, டீ ஆறுது, இவ்வளவுதான். அவனும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னான். தன்னைக் காட்டிக்கொடுக்கச் சொன்னவன் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவனுக்கும் தெரியும். நடுவில் மடிப்புக்காரி உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பொதுவாக இருமிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் கேட்டும் முடிந்தது. தையல்கடைக்காரர் அறை அறையாக நடந்து, மூலைகளில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அட்வான்ஸ் முழுதும் பெற்றுக்கொண்டேன் என்று ரசீது எழுதிக் குண்டூசியிடம் கொடுத்தார். அவர் போன பிறகு குண்டூசி அதை மடிப்புக்காரிக்குப் படித்துக் காட்டினாள். முழுத் தொகையையும் ஒரு தடவை சத்தமாகச் சொன்னாள்.

"உன் நாலாயிரத்து அறுநூத்தி நாப்பதும் இதுக்குள்ள இருக்கு. தீந்துச்சு. இனிமே கண்ணத் தாழ்த்திக்கிட்டு நிக்காதே, பாக்கச் சகிக்கல."

"சரிக்கா."

குண்டூசி முன்னறைச் சுவருக்கு அருகே போனாள். பதினோரு வருஷம் சூட்டிலும் ஈரத்திலும் நின்ற கை; துணியைத் தடவுகிற மாதிரி சுவரில் ஒரு விரலை வைத்து இழுத்தாள். அந்த இடம் இன்னும் காயவில்லை. விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்தது. பெயின்டர் பதறி, கழுவி வைத்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"விடுங்க மாப்பிள்ளை," என்றாள் குண்டூசி. "என் வீட்டுச் சுவர்தானே."